டார்லீன் கேட்ட நான்கு துப்பாக்கிகள்

டார்லீன் கோவல்சிக் ஒரு துப்பாக்கியைத் தேர்ந்தெடுக்க மூன்று வாரம் எடுத்துக்கொண்டார். முதல் கணவரைத் தேர்ந்தெடுக்க அவருக்கு ஒன்பது நாள்தான் ஆனது. "அதனாலதான் இதுக்கு மூணு வாரம்" என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னார்.

ஐம்பத்தேழு வயது. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். வடக்கு பென்சில்வேனியாவின் மலைச்சரிவில், பனி உருகிச் சேறாகிற சாலைகளில், இருபத்தாறு வருடமாக ஒரே தடம். காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, பிற்பகலில் மறுபடி ஏற்றுகிற வரைக்கும் கிடைக்கிற ஆறு மணி நேரத்தில்தான் அவருடைய மற்ற வாழ்க்கை முழுவதும் நடக்கும். அந்த வருடம் பிப்ரவரியில் அந்த ஆறு மணி நேரமும் வென்டல் ஃபிரைலியின் கடையில் கழிந்தது. மாட்டுத் தீவனம், ஆணி, வேலிக்கம்பி, துப்பாக்கி எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே விற்கிற கடை. வென்டலுக்கு இப்போது முப்பத்தெட்டு வயது, முன் மண்டையில் முடி இல்லை. ஒரு காலத்தில் டார்லீனின் பேருந்தில் கடைசி இருக்கையில் உட்கார்ந்து சன்னல் ரப்பரைப் பிய்த்துக்கொண்டு வந்தவன்.

"மிஸ் டார்லீன், கோட்டைக் கழட்டிட்டு எடுத்துப் பாருங்களேன். ஹீட்டர் ஓடுதுல்ல."

"கழட்ட மாட்டேன். மார்ச் மாசம் என் ஆளுங்க கோட்டோடதான் சுடுவாங்க. உன் கடைக்குள்ள பொருந்துற துப்பாக்கி எனக்கு எதுக்கு?"

தடிமனான குளிர்க் கோட்டு தோளில் இரண்டு விரற்கடை இடத்தைத் தின்றுவிடும். அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அந்தப் பகுதியில் துப்பாக்கி வாங்கப் போகிற ஆண்கள் எல்லோரும் செய்வது ஒன்றுதான். எடுப்பார்கள், தங்கள் தோளில் வைப்பார்கள், சுவரில் மாட்டியிருக்கும் மான் தலையைக் குறிபார்ப்பார்கள், "நல்லா உக்காருது" என்பார்கள். மனைவிக்கு வாங்கினாலும் மகளுக்கு வாங்கினாலும் அதே தோள்தான், அதே மான்தான்.

டார்லீன் வேறு மாதிரி பார்த்தார். துப்பாக்கியில் தோளோடு பொருந்துகிற கட்டையின் அடிப்பாகத்தை முழங்கையின் உள்மடிப்பில் வைத்து, விரல் விசைக்கு எட்டுகிறதா என்று பார்த்தார். பிறகு கடையில் தீவன மூட்டை வாங்க வந்த குள்ளமான பெண்மணி ஒருவரைக் கூப்பிட்டு, அவர் கையில் வைத்தும் பார்த்தார். ரேடியோவில் ஒரு பாட்டு தொடங்கி முடிகிற வரைக்கும் துப்பாக்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். பாட்டு முடிவதற்குள் எதன் குழல் இறங்கியதோ, அது பழைய இடத்துக்கே போனது. வென்டல் அடுக்கில் மாட்டுவதும் எடுப்பதுமாக இருந்தான்.

"இதுல தொலைநோக்கி சேர்ந்தே வருது, மிஸ் டார்லீன்."

"அதுக்குக் குடுக்கிற காசுக்குத் தோட்டா வாங்கிக்கிறேன். முதல்ல கண்ணால பார்க்கட்டும்."

கடைசியில் ஒன்று தேறியது. பார்க்க ஒன்றுமில்லை. கறுப்பு பிளாஸ்டிக் கட்டை, சின்னக் குழல், ஒவ்வொரு தோட்டாவாகக் கையால் போட்டு போல்ட் என்கிற கைப்பிடிக் கம்பியைத் தள்ளிப் பூட்ட வேண்டிய, பாயின்ட் டூ டூ என்ற சிறு தோட்டா ரகம். கட்டையின் பின்னால் பில்லைகள் செருகி நீளத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். விலை இருநூறு டாலருக்குள். வென்டல் அதை மாதிரிக்கு ஒரு வாரம் கொடுத்தான். டார்லீன் ஐந்து வகைத் தோட்டாவில் ஒவ்வொரு பெட்டி வாங்கி, தன் வீட்டுக்குப் பின்னால் மண்மேட்டில் காகிதத் தட்டுகளைக் குத்திவைத்துச் சுட்டுப் பார்த்தார். இந்தச் சின்னத் துப்பாக்கிகளுக்கு நாக்கு உண்டு. ஒன்றுக்குப் பிடித்த தோட்டா இன்னொன்றுக்குப் பிடிக்காது. இதற்குப் பிடித்தது கடையிலேயே மலிவானது. விலை அதிகமான தோட்டாவைத் தட்டு முழுக்கச் சிதறடித்தது. மலிவானதில் பத்தையும் ஒரு பிஸ்கட் அளவு வட்டத்துக்குள் அடக்கியது. டார்லீன் தட்டுகளைத் தேதி எழுதி எடுத்து வைத்துக்கொண்டார்.

இவ்வளவும் தனக்காக இல்லை. பைன் ரன் வேட்டைக் கிளப்பில் செவ்வாய்க்கிழமை மாலைகளில் புதியவர்களுக்கான வகுப்பை ஆறு வருடமாக நடத்திவருவது அவர்தான். வருகிறவர்கள் முக்கால்வாசி பெண்கள், பெரும்பாலும் நாற்பதைத் தாண்டியவர்கள். கிளப்பில் வகுப்புக்கென்று இருந்தவை இரண்டே துப்பாக்கிகள். ஒன்றில் தோட்டாவை இடித்து வெடிக்கவைக்கும் ஊசி உடைந்துபோனது, அதற்கு உதிரி பாகம் இப்போது யாரும் செய்வதில்லை. மிச்சம் ஒன்று. எட்டுப் பேர் வந்தால் ஒருவர் சுடுவார், ஏழு பேர் குளிரில் காலைத் தட்டிக்கொண்டு நிற்பார்கள். மூன்றாவது வாரம் பாதிப் பேர் வர மாட்டார்கள். கிளப் நிர்வாகக் குழு சொல்லிவிட்டது: வசந்தத்துக்குள் ஏதாவது வழி பிறக்க வேண்டும், இல்லாவிட்டால் வகுப்பை மூடிவிடலாம்.

மூடவிட டார்லீனுக்கு மனம் இல்லை. அதற்குக் காரணம் உண்டு. முப்பத்தோராவது வயதில் அவர் முதல்முதலாக அந்தச் சுடுதளத்துக்கு வந்தபோது, அங்கே ஒரு வேடிக்கை வழக்கமாக இருந்தது. புதிதாக வருகிற பெண்ணின் கையில் இருப்பதிலேயே பெரிய துப்பாக்கியைக் கொடுப்பது. யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள், எல்லோரும் பின்னால் வந்து வரிசையாக நிற்பார்கள். டார்லீன் சுட்டார். கட்டை தோளில் இடித்த வேகத்தில் சேற்றில் போய் உட்கார்ந்தார். அந்தச் சிரிப்பு வீட்டுக்கு வந்த பிறகும் கேட்டது. தோள் மூன்று வாரம் நீலமாக இருந்தது. அடுத்த பதினோரு வருடம் அவர் துப்பாக்கியைத் தொடவில்லை. பிறகு ஒருநாள் அடகுக் கடையில் ஒரு பழைய பாயின்ட் டூ டூவை வாங்கி, ஆள் இல்லாத இடத்தில், தானே சுடப் பழகினார். "அந்தப் பதினோரு வருஷத்தை எனக்கு யாரும் திருப்பித் தரல. இன்னொருத்திக்கு அது போகக்கூடாது" என்பதோடு அந்தப் பேச்சை முடித்துக்கொள்வார்.

கிளப் தலைவர் மெர்ல் ஸ்டால்நெக்கர். எழுபத்தொரு வயது, மர அறுவை ஆலையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வுபெற்றவர். கெட்டவர் இல்லை. குளிர்காலத்தில் யார் கார் பள்ளத்தில் இறங்கினாலும் சங்கிலியோடு முதலில் வந்து நிற்பவர் அவர்தான். ஆனால் பக்கத்துப் பள்ளத்தாக்குக் கிளப்பிடம் மாவட்ட லீக் போட்டியில் நான்கு வருடம் தொடர்ந்து தோற்றது அவருக்குத் தூக்கத்தைக் கெடுத்திருந்தது. நிதி திரட்ட நடத்திய வெள்ளிக்கிழமை மீன் விருந்துகளில் சேர்ந்த பணத்தில் டார்லீன் சொன்ன துப்பாக்கி நான்கு வாங்கலாம். மெர்ல் மனதில் வைத்திருந்தது ஒன்று வாங்கலாம். அக்ரூட் மரக் கட்டை, கனத்த குழல், ஒரே மேகசினில் பத்துத் தோட்டா, விசையை இழுக்க இழுக்கத் தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும்.

"போட்டிக்கும் ஆச்சு, உன் வகுப்புக்கும் ஆச்சு. ஒரே கல்யாணச் செலவுல ரெண்டு பொண்ணு" என்றார் மெர்ல், மார்ச் மாத நிர்வாகக் குழுவில்.

"எட்டுப் பேருக்கு ஒண்ணா மெர்ல்?"

"நல்ல பொருள் ஒண்ணு போதும்மா. நீ கேக்குறது பொம்மை."

"அப்ப சுட்டே பார்த்துருவோம். ஆனா நீங்களும் சுடக்கூடாது, நானும் சுடக்கூடாது. இதுவரைக்கும் சுடாத ஆள் சுடட்டும். துப்பாக்கி யாருக்கு வாங்குறோமோ அவங்க."

குழுவில் இருந்த ஐந்து பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மறுக்க வழி இல்லை.

ஏப்ரல் மூன்றாவது சனிக்கிழமை. புதியவராக வந்தவர் ஹேசல் பிரெனமன். அறுபத்தாறு வயது, மருந்துக் கடையில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர், ஐந்தடி உயரம் இருந்தால் அதிகம். கணவர் இறந்து ஒன்றரை வருடம். வகுப்பில் பெயர் கொடுக்க வந்த அன்றே காரணத்தைச் சொல்லிவிட்டார். "அலமாரியில அவரோட துப்பாக்கி இருக்கு. உள்ள தோட்டா இருக்கா இல்லையான்னு பார்க்கக்கூட எனக்குத் தெரியாது. அந்தக் கதவைத் தாண்டித்தான் தினம் பாத்ரூம் போறேன்."

முதலில் மெர்லின் துப்பாக்கி. வென்டல் அதையும் மாதிரிக்குக் கொடுத்திருந்தான். இருபத்தைந்து கெஜத்தில் ஒரு காகிதத் தட்டு. டார்லீன் விதிகளை இரண்டு முறை சொன்னார். குழல் எப்போதும் மண்மேட்டைப் பார்த்தே இருக்க வேண்டும், ஏதாவது கோளாறு என்றால் துப்பாக்கியை மேஜையில் வைத்துவிட்டுக் கையைத் தூக்க வேண்டும். ஹேசல் தலையாட்டினார். கோட்டு, காதுமூடி, கண்ணாடி எல்லாம் போட்டபின் அவர் முகத்தில் மூக்கு மட்டும்தான் தெரிந்தது. கட்டை நீளம் எட்டாமல் முதுகைப் பின்னால் வளைத்து நின்றார். முதல் குண்டு தட்டுக்கு மேலே, இரண்டாவது எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை. மூன்றாவதில் வெற்றுக் கூடு வெளியே விழாமல் பாதியில் சிக்கிக்கொண்டது.

அடுத்து நடந்தது இரண்டு நொடிதான். ஹேசல், "ஏதோ மாட்டிக்கிச்சே" என்று சொல்லிக்கொண்டே திரும்பினார். துப்பாக்கியும் கூடவே திரும்பியது. நிர்வாகக் குழு முழுவதும் ஒரே நேரத்தில் குனிந்தது. ஹேசலின் தோளுக்குப் பின்னால் ஒரு கை தூரத்தில் நின்ற டார்லீன் குழலைப் பிடித்து மண்மேட்டுப் பக்கம் தள்ளிவிட்டார்.

"என்ன பண்ற நீ? கொல்லப் பார்த்தியே! டார்லீன், வீட்ல உக்கார வேண்டியவங்களையெல்லாம் கூட்டிட்டு வந்து..." என்று கத்தினார் மெர்ல்.

ஹேசல் கண்ணாடியைக் கழற்றினார். அதை மேஜைமேல் வைத்தார். "அவர் சொல்றது சரிதான். நான் போறேன், டார்லீன்."

"போறதா இருந்தா போங்க, உங்க இஷ்டம். ஆனா ஒண்ணு. சிக்கினது நீங்க இல்ல, அந்தத் துப்பாக்கி. முதல் நாள் வண்டி ஓட்டுறவங்க கையில வண்டி நடுரோட்டுல நின்னா அவங்களும் திரும்பித்தான் பார்ப்பாங்க." பிறகு மெர்ல் பக்கம் திரும்பினார். "நீங்க மேஜைக்குப் பின்னால போங்க. இந்தச் சுடுதளத்துல இன்னைக்குப் பொறுப்பு நான். இங்க நான் மட்டும்தான் குரல் உசத்தலாம். நானே உசத்தல."

மெர்ல் போனார். ஹேசல் கொஞ்ச நேரம் கார் நிற்கிற பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

கறுப்புத் துப்பாக்கியின் பில்லைகளை டார்லீன் ஏற்கெனவே கழற்றி வைத்திருந்தார். அது ஹேசலின் தோளில் அடங்கி உட்கார்ந்தது. தோட்டாவை எடு, போடு, போல்ட்டைத் தள்ளு, சுடு, போல்ட்டை இழு. மறுபடி முதலிலிருந்து. அவசரப்படவே முடியாது, அந்தத் துப்பாக்கி அதற்கு விடாது. பத்துச் சுட இருபது நிமிடம் ஆனது. தட்டில் ஓட்டைகளை எண்ணினார்கள். எட்டு.

"பார்த்தீங்கல்ல. போல்ட் திறந்திருக்கா மூடியிருக்கான்னு நான் நிக்கிற இடத்துலேருந்தே தெரியுது. உள்ள இருந்தா ஒரே ஒரு தோட்டா. நாலு பேர் ஒரே நேரத்துல சுட்டாலும் நாலையும் ஒரு பார்வையில பார்த்துருவேன். அதுக்குத்தான் கேக்குறேன்" என்றார் டார்லீன்.

"மட்டமான தோட்டா போட்ட, அதான் சிக்கிச்சு. நல்லதா போட்டிருந்தா பட்டு மாதிரி ஓடியிருக்கும்" என்றார் மெர்ல்.

"ஆமா, ஓடியிருக்கும். அந்த நல்ல தோட்டா மூணு மடங்கு விலை. வகுப்புக்கு வர்றவங்க ஒரு சாயங்காலத்துல ஆளுக்கு ஐம்பது சுடுறாங்க. யார் வாங்கித் தர்றது, நீங்களா?"

அங்கேயே, சுடுதளத்து மேஜையைச் சுற்றி நின்றபடியே, குழு வாக்கெடுத்தது. மூன்றுக்கு இரண்டு. மெர்லின் துப்பாக்கி. டார்லீன் பக்கம் வாக்களித்த இரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள். மெர்லோடு வாக்களித்த ஒருவர், கராஜ் வைத்திருக்கும் எல்வுட், "நீ சொன்னது சரிதான் டார்லீன். ஆனா லீக்னு ஒண்ணு இருக்குல்ல" என்றார்.

"சரின்னு தெரிஞ்சும் மாத்திப் போட்டிருக்கீங்க. தெரியாம போட்டிருந்தா மன்னிச்சிருப்பேன்."

திங்கட்கிழமை டார்லீன், பேருந்தைப் பள்ளி மைதானத்தில் நிறுத்திவிட்டு, கிளப்பின் விதிப் புத்தகத்தை எடுத்தார். யாரோ ஒருவர் என்றோ தட்டச்சு செய்து, ஸ்டேப்ளர் அடித்து வைத்த பன்னிரண்டு பக்கம். உறுப்பினர்கள் அனைவருக்கும் சேரும்போது கொடுப்பது. அதைப் படித்தவர்கள் என்று யாரும் கிடையாது. நிர்வாகக் குழு பெரிய பொருள் எதை வாங்கினாலும் மாதப் பொதுக்கூட்டம் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று ஆறாம் பக்கத்தில் இருந்தது. அது டார்லீனுக்குத் தெரியும். மாதப் பொதுக்கூட்டம் என்றால் பதினோரு ஆண்களும் பீர்ப் பெட்டியும்.

ஒன்பதாம் பக்கத்தில் இருந்தது அவருக்குத் தெரியாது. குடும்ப உறுப்பினர் அட்டை எடுத்த வீட்டில் வயதுவந்த ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கு உண்டு. கணவன் இறந்தால் மனைவி சந்தா கட்டுகிற வரை அந்த உரிமை தொடரும். அந்த ஊரில் தனி அட்டை எடுப்பவர் யார்? குடும்ப அட்டை எடுத்தால்தான் கோடையில் குளக்கரைச் சுற்றுலாவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகலாம். ஆக ஊரில் பாதிப் பெண்கள் பல வருடங்களாக வாக்காளர்கள். ஒருத்தியும் போட்டதில்லை, ஏனென்றால் ஒருத்தியிடமும் யாரும் சொன்னதில்லை.

டார்லீன் அந்த வரியை மூன்று முறை படித்தார். பிறகு ஒரு பேனாவை எடுத்து, தன் தடத்தில் உள்ள நிறுத்தங்களை வரிசையாக எழுதத் தொடங்கினார்.

பேருந்து ஓட்டுநருக்கு ஊரில் உள்ள எல்லா வாசலும் தெரியும். மறுநாள் காலையிலிருந்து, சிவப்பு விளக்கு மின்ன, கதவு திறக்க, பிள்ளை ஏறுகிற நேரத்தில், அவர் சன்னலைத் திறந்து வாசலில் நைட் கவுனோடு காபிக் கோப்பை பிடித்து நிற்கிற அம்மாவிடம் பேசினார். ஒரு வாசலுக்குப் பன்னிரண்டு நொடி.

"கிளப் அட்டை இருக்குல்ல உன் வீட்ல?"

"இருக்கு. ஏன்?"

"உனக்கு ஓட்டு இருக்கு. மே ரெண்டாவது வியாழன், ஏழு மணி."

"எனக்கா? எதுக்கு ஓட்டு?"

"வந்து கேளு. எனக்குப் போடணும்னு இல்ல. வந்து உக்காரு, அது போதும்."

பின்னால் நின்ற லாரிக்காரன் ஹாரன் அடித்தால் டார்லீன் அவனைப் பார்த்து நிதானமாகக் கையசைத்துவிட்டுத்தான் கதவை மூடுவார். ஹேசல் சும்மா இருக்கவில்லை. முப்பது வருடம் மருந்து கட்டிக்கொடுத்த கை. ஊரில் யார் யார் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பது அவருக்கு மனப்பாடம். பஸ் போகாத சாலைகளுக்கெல்லாம் அவர் போன் செய்தார். கணவரின் சந்தாவை ஒவ்வொரு ஜனவரியும் பழக்கத்தில் கட்டிவந்தது இப்போது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்று அவரே வியந்துகொண்டார்.

மே இரண்டாவது வியாழன் மெர்ல் கிளப்புக்கு வந்தபோது வண்டியை நிறுத்த இடம் இல்லை. சாலையோரம் விட்டுவிட்டு நடந்து வந்தார். உள்ளே நாற்காலிகள் நிறைந்து, பெண்கள் சுவரோரம் நின்றிருந்தார்கள். முட்டைக்கோஸும் நூடுல்ஸும் வெண்ணெயில் வதக்கிய ஹலுஷ்கி நான்கு பெரிய தட்டுகளில் மேஜைமேல் ஆவி பறந்தது. மான் தலைகளுக்குக் கீழே அவ்வளவு பேச்சுச் சத்தம் அந்த மண்டபம் கேட்டதில்லை. இரண்டாவது வரிசையில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, மெர்லின் மனைவி லோயிஸ் உட்கார்ந்திருந்தார்.

"நீ இங்க என்ன பண்ற?"

"ஓட்டுப் போட வந்தேன். ஒன்பதாம் பக்கம்."

"சாப்பாடு?"

"ஹலுஷ்கி இருக்கு, போட்டுக்கோ."

மெர்ல் மேடைக்குப் போய் மரச் சுத்தியால் தட்டினார். "இங்க இருக்கிறவங்கள்ல முக்கால்வாசிப் பேர் சுடுறவங்களே இல்ல. இவங்க எதை வெச்சு முடிவு பண்ணுவாங்க?"

டார்லீன் எழுந்தார். "அதைத்தான் மெர்ல் நாங்களும் கேக்குறோம். இவ்வளவு பேர் அட்டை வெச்சிருக்காங்க, ஏன் யாருமே சுடல? துப்பாக்கி பிடிக்காமயா? கையில குடுக்கிற மாதிரி ஒண்ணு இங்க இருந்ததில்ல. இருந்த நாள்ல சிரிக்கத்தான் குடுத்தீங்க." அவர் காகிதத் தட்டுகளை மேஜைமேல் பரப்பினார். தேதியும் தோட்டாவின் பெயரும் எழுதிய ஐந்து, கூடவே ஹேசலின் எட்டு ஓட்டைத் தட்டு. "வாங்க, வந்து பாருங்க. கேள்வி இருந்தா கேளுங்க. பொம்மையா இல்லையான்னு நீங்களே சொல்லுங்க."

பெண்கள் வந்து பார்த்தார்கள். ஆண்களும் சிலர் வந்தார்கள். எடை எவ்வளவு, இடது கைக்காரிக்கு ஆகுமா, சுத்தம் பண்ண எவ்வளவு நேரம் என்று கேள்விகள் வந்தன. "இடது கைக்கு வேற மாதிரி இருக்கு, நாலுல ஒண்ணு அப்படி வாங்கலாம்" என்றார் டார்லீன். எல்வுட் கடைசித் தட்டைக் கையில் எடுத்து விளக்கில் பிடித்துப் பார்த்தார். "மட்டத் தோட்டாவா இது?" என்று தனக்குள்போலக் கேட்டார்.

"நேரமாகுது. இதை அடுத்த மாசத்துக்குத் தள்ளி வைக்கிறேன்" என்றார் மெர்ல்.

"தள்ளி வைக்கவும் ஓட்டு எடுக்கணும், மெர்ல். நாலாம் பக்கம். அதையும் எடுங்க, நாங்க எங்கயும் போகல."

மெர்ல் மண்டபத்தைப் பார்த்தார். சுத்தியைக் கீழே வைத்தார். குழுவின் முடிவை ஏற்பவர்கள் கைதூக்கச் சொன்னார். பதினைந்து. எதிர்ப்பவர்கள் தூக்கச் சொன்னார். விரலால் காற்றில் எண்ணிக்கொண்டே வந்தவர் இரண்டாவது வரிசைக்கு வந்ததும் விரலை நிறுத்தினார். லோயிஸ் கையை இன்னும் கொஞ்சம் உயர்த்தினார். எல்வுட்டின் கையும் மேலே இருந்தது. நாற்பத்தொன்று. பிறகு, டார்லீன் கேட்ட நான்கு துப்பாக்கிகளை வாங்கலாமா என்று அவர் வாயாலேயே கேட்க வேண்டியதாயிற்று. அதே கைகள் மறுபடி மேலே போயின.

"இந்த வருஷமும் லீக்ல தோத்தா அது உன்னாலதான்" என்றார் மெர்ல், கூட்டம் கலைந்து, எல்லோரும் தட்டுகளோடு வரிசையில் நின்றபோது.

"எழுதி வெச்சுக்கோங்க. என்னாலதான்." டார்லீன் செவ்வாய்க்கிழமை வகுப்புக்கான பட்டியலை அவர் முன்னால் நீட்டினார். எட்டுப் பேர் இருந்த தாளில் அந்த ஒரு மணி நேரத்தில் பத்தொன்பது பேர் ஆகியிருந்தார்கள். கடைசிப் பெயர், மெர்ல் தன் வீட்டில் தினமும் பார்த்துப் பழகிய கையெழுத்தில் இருந்தது. "ஜூன் கூட்டத்துக்கும் ஒண்ணு குறிச்சுக்கோங்க மெர்ல். இன்னும் ரெண்டு துப்பாக்கி. நாலு பத்தாது."